5 வாட் கிட்டில் எதற்கு இடம் விடுவது, எதை இப்போது வாங்காமல் விடுவது

முல்லைத்தீவுப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதி லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது, 40 மீற்றர் பேண்டுக்கு (7 மெகாஹேர்ட்ஸ் பகுதி) ஒரு 5 வாட் கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே சோல்டர் பண்ணும் செட், கட்டப் போகிறீர்கள், பின்னால் கூடுதல் பேண்ட், கூடுதல் பவர், எஃப்டி8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) எல்லாம் வேண்டும், அதற்கு இப்போதே என்னென்ன பாகம் வாங்கி வைக்க வேண்டும் என்பது கேள்வி. நீங்கள் எழுதிய மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். இன்று செய்கிற எந்த வேலையைப் பிறகு திருத்தவே முடியாது, எதை ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அது. கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் கடையில் தொடங்கி, பிறகு லைசன்ஸ் எடுத்து, சிறிதும் பெரிதுமாகப் பல செட் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வன்னியில் வீடு கட்டிய எவருக்கும் இது பழக்கமான விஷயம். யுத்தம் முடிந்து திரும்பி வந்து கல்வீடு போட்டபோது, பின்னால் மேல்மாடி எழுப்பலாமென்று சிலர் தூண்களில் கம்பியை நீட்டி விட்டார்கள். பத்து மாரி போயும் மாடி வரவில்லை, கம்பி துருவேறி உதிர்கிறது. வேறு சிலர் சுவர் பூசுமுன் வெறும் பிவிசி குழாயைப் பதித்து, உள்ளே ஒரு நைலோன் கயிற்றை மட்டும் விட்டு வைத்தார்கள். பிறகு சோலார் வயரானாலும் இணைய வயரானாலும் சுவரை உடைக்காமல் இழுக்க அவர்களால் முடிந்தது. உங்கள் கிட்டில் நீங்கள் போட வேண்டியது அந்த வெறும் குழாயைத்தான். இடம், துளை, வயர் போகும் பாதை, இணைப்பு முனை, இவற்றை இன்றே விடுங்கள். பாகத்தைத் தேவை வருகிற அன்று வாங்குங்கள்.

ஆனால் எவ்வளவு இடம் விட்டாலும் பிறகு மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. அது கிட்டின் அடிப்படை அமைப்பு. கியூசிஎக்ஸ் போன்ற சிடபிள்யூ (மோர்ஸ்) கிட்டுகளில் கடைசிக் கட்டம் கிளாஸ் ஈ முறையில் ஓடுகிறது. அதாவது ட்ரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச் போல முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. மூன்று சின்னஞ்சிறு பிஎஸ்170 ட்ரான்சிஸ்டர்கள் சேர்ந்து 5 வாட் தருவது அதனால்தான். குரலின் ஏற்ற இறக்கத்தை அந்தக் கட்டம் உள்ளபடி பெருக்காது. பின்னால் ஒரு மைக்கை மாட்டினால் எஸ்எஸ்பி (குரலில் பேசும் முறை) ஆகிவிடும் என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மென்பொருளைக் கொண்டு வீச்சைக் கட்டுப்படுத்தி அதே போர்டை எஸ்எஸ்பி பேச வைத்த கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது போர்டைப் பாதி பிரித்துச் செய்கிற வேலை, முதல் கிட்டில் வேண்டாம். ஆகவே குரலில் பேசும் ஆசை இருந்தால் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை செட்டில் தொடங்குங்கள். அதன் கடைசிக் கட்டம் லீனியர், அதாவது ஏற்ற இறக்கத்தை உள்ளபடி பெருக்குவது, சுற்று எளிது, எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். மோர்ஸ் மட்டுமே போதும் என்றால் கியூசிஎக்ஸ் தாராளமாகப் போதும். பிறகு மாற்ற முடியாமல் இன்றே எடுக்க வேண்டிய முடிவு இது மட்டும்தான்.

அடுத்தது பெட்டி. கேட்கச் சிறிய விஷயம், ஆனால் நான் அதிகம் அடிபட்டது இதில்தான். என்னுடைய முதல் செட்டை ஒரு சிறிய அலுமினியப் பெட்டியில் அளவெடுத்து, விரல் நுழைய இடமில்லாமல் அடைத்தேன். ஒரு வருடம் கழித்து பின்பக்கத்தில் இன்னொரு சொக்கெட் வேண்டும் என்று வந்தபோது, போர்டைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே துளை போட்டேன். அலுமினியத் தூள், செட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் போர்டின் கால்களுக்கிடையில் போய் விழுந்தது. பவர் போட்டதும் அது போய்விட்டது. அன்றிலிருந்து பெட்டி வாங்கும்போது போர்டின் பரப்பைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் வாங்குகிறேன். போர்டை ஏற்றுமுன், வெறும் பெட்டியாக இருக்கும்போதே, பின்தகட்டில் நாலைந்து கூடுதல் துளை போட்டு ரப்பர் மூடியால் அடைத்து விடுகிறேன். கியூசிஎக்ஸ் செட்டைச் செய்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். 2020இல் வந்த கியூசிஎக்ஸ் பிளஸில் சுற்று பழையதுதான். போர்டைப் பெரிதாக்கி, இணைப்புகளை வசதியாக வைத்து, மாற்றம் செய்ய இடம் விட்டார்கள். நம் வெயிலுக்கும் பெரிய பெட்டிதான் நல்லது. தகரக் கூரைக்குக் கீழே பகலில் ஓடுகிற செட்டுக்கு உள்ளே காற்று நிற்க இடம் வேண்டும். காற்றுத் துளைகளுக்கு மட்டும் நுண்ணிய வலை ஒட்டுங்கள். எறும்பும் பல்லியும் இதமான சூடு இருக்கும் இடத்தைத் தேடி வந்துவிடும்.

பேண்ட் கூட்டுவதைப் பற்றி. ரேடியோவின் ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் 50 ஓம் என்கிற ஒரு எல்லைக்கோடு (ஒவ்வொரு பகுதியும் அடுத்ததற்கு 50 ஓம் தடையாகத் தெரிவது) வைத்துக்கொண்டால் பிற்காலம் மிகவும் இலகுவாகிவிடும். பேண்ட் பாஸ் ஃபில்ட்டர் (வேண்டிய பேண்டை மட்டும் விடுவது) ஒரு துண்டு போர்டு, உள்ளே 50 ஓம், வெளியே 50 ஓம். லோ பாஸ் ஃபில்ட்டர் (மேல் அதிர்வெண்களை அடைப்பது) இன்னொரு துண்டு போர்டு, அதுவும் அப்படியே. கிட்டோடு வருகிற ஃபில்ட்டர் பிரதான போர்டிலேயே இருந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் செப்புப் பாதை எங்கே போகிறது என்று பார்த்து, அங்கே ஒரு வயர்த் துண்டால் இணைப்பதுபோல் கட்டுங்கள். நாளைக்கு அந்தத் துண்டைக் கழற்றினால் ஃபில்ட்டர் வெளியே போய்விடும். இதன் அருமை, அதே ஃபர்ஹானின் பல பேண்ட் செட்டான மைக்ரோ பிட்எக்ஸ் வந்தபோது தெரிந்தது. அதன் ஆரம்பப் பதிப்புகளில் ஃபில்ட்டரை மாற்றும் ரிலேக்களின் அமைப்பு காரணமாகச் சமிக்ஞை ஃபில்ட்டரைச் சுற்றிக் கசிந்து, ஹார்மோனிக் (அனுப்பும் அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் வேண்டாத சமிக்ஞை) அளவு விதிகளுக்கு மேலே போயிற்று. 5ஆம் பதிப்பில் அதைத் திருத்தினார்கள். பழைய போர்டு வைத்திருந்தவர்களில் பலர் ஃபில்ட்டரைத் தனிப் போர்டாக வெளியே எடுத்துத்தான் சரி செய்தார்கள். இன்னொன்று: ஃபில்ட்டரின் உள்ளே போகும் வயரையும் வெளியே வரும் வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அழகு பார்க்க வேண்டாம். ஒன்றுக்கொன்று எதிர்ப் பக்கத்தில் வரட்டும்.

பிட்எக்ஸ் வகை செட்டின் கட்டுப்படுத்தும் போர்டில் இருக்கிற ஆர்டுயினோ நானோவுக்குக் கால்கள் குறைவு, அவை முதலில் தீர்ந்து போவது திரைக்குத்தான். சாதாரண முறையில் இணைத்த எல்சிடி திரை ஆறு கால்களைத் தின்றுவிடும். ஐ-ஸ்கொயர்-சி முறையில் இணைத்தால் இரண்டே வயர், ஏ4ம் ஏ5ம். அதே இரண்டு வயரில்தான் அதிர்வெண் உண்டாக்கும் எஸ்ஐ5351ம் இருக்கிறது, எல்லாம் ஒரே தெருவில் வெவ்வேறு இலக்க வீடுகள் மாதிரி. ஆகவே திரையை இன்றே இந்த முறையில் மாட்டி, அந்த இரண்டு வயரோடு 5 வோல்ட்டும் கிரவுண்டும் சேர்த்து நாலு முனையுள்ள ஒரு வெறும் சொக்கெட்டைப் பெட்டிக்குள் விட்டு வையுங்கள். பின்னால் பேண்ட் மாற்றும் ரிலேக்களை ஓட்ட பிசிஎஃப்8574 என்ற, கால்களைக் கூட்டித் தரும் சிப் உள்ள ஒரு போர்டை அதில் செருகினால் எட்டுக் கட்டுப்பாட்டு வயர் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: எல்சிடியின் முதுகில் இருப்பதும் பெரும்பாலும் அதே வகை சிப்தான். இரண்டுக்கும் ஒரே முகவரி வந்தால் இரண்டுமே ஒழுங்காக ஓடாது. முகவரியை மாற்ற ஏ0, ஏ1, ஏ2 என்று மூன்று சோல்டர் இடங்கள் போர்டில் இருக்கும், அதில் ஒன்றை மாற்றினால் சரி. நானோவை மட்டும் நேரடியாகச் சோல்டர் பண்ணாமல் சொக்கெட்டில் வையுங்கள். அது போனாலும் மாற்றலாம், நினைவகம் போதவில்லையென்றாலும் மாற்றலாம்.

பவர் பக்கம் வந்தால், எங்கள் ஊரில் இதைப்பற்றி நிறையவே பேசலாம். பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். மின்சாரம் போன பிறகும் ஓடாத செட்டை நான் செட் என்றே கணக்கில் எடுப்பதில்லை. 2004 சுனாமியின்போது ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தகவல் கொண்டு சேர்த்ததில் அமெச்சூர் வானொலிக்காரருக்குப் பங்கு இருந்தது. அதே கடல் உங்கள் முல்லைத்தீவையும் அடித்தது. ஆகவே உங்கள் செட் முதல் நாளிலிருந்தே சோலாரிலும் 12 வோல்ட் பற்றரியிலும் ஓடுவதாக இருக்கட்டும். இங்கே எதிர்காலத்துக்கான வேலை மூன்று. முதலாவது, இன்று ஈய பற்றரி வைத்திருந்தாலும் நாளைக்கு லிதியம் இரும்புப் பொஸ்பேட் (LiFePO4) பற்றரிக்குப் போவீர்கள், அது முழுதாக ஏறும்போது 14.6 வோல்ட் வரை வரும். கிட்டோடு வருகிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 16 வோல்ட் என்றால், பவர் வரும் இடத்தில் இருப்பவற்றை 25 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். இது சில ரூபா வித்தியாசம். இரண்டாவது, வயர். 5 வாட் செட் ஓர் அம்பியர் அளவில்தான் எடுக்கும், மெல்லிய வயர் போதும். ஆனால் 50 வாட் பெருக்கி வந்தால், எடுக்கும் மின்சாரத்தில் பாதி வெளியே வருவதாகக் கணக்குப் போட்டாலும் 13.8 வோல்ட்டில் 7 அம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரைப் பற்றரியிலிருந்து இன்றே இழுத்துவிடுங்கள், பியூஸ் மட்டும் இன்றைய செட்டுக்கேற்ற சின்னதாக, பற்றரியின் அருகிலேயே இருக்கட்டும். மூன்றாவது, வயரை மாறிக் கொடுத்தால் செட் எரியாமலிருக்க பி-சனல் மொஸ்ஃபெட் என்ற வகை ட்ரான்சிஸ்டர் ஒன்று. டயோட் போட்டாலும் காக்கும், ஆனால் அது அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் இரைச்சல் போடுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். எம்பிபிடி (பனலிலிருந்து கூடியளவு பவரை எடுக்கும்) வகைகளில் சில 40 மீற்றரை முழுவதுமாக மூடிவிடும். அதைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் இருந்தால் பேசுகிற நேரம் நிற்பாட்டலாம்.

கூடுதல் பவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 5 வாட் 50 வாட் ஆனால் 10 டெசிபெல். சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றரில் ஒரு எஸ் அலகு 6 டெசிபெல், ஆக மறுமுனையில் அந்த மீற்றரின் முள் இரண்டு அலகுகூட முழுதாக ஏறாது. இரைச்சலுக்குள் அமிழ்ந்து போன குரலை வெளியே எடுக்க அது உதவும்தான், ஆனால் அதற்கான செலவு பெரிது. இருந்தாலும் ஒரு நாள் பெருக்கி கட்டுவீர்கள், எல்லோரும் கட்டுகிறோம். அதற்காக இன்று செய்ய வேண்டியது, செட் அனுப்பத் தொடங்குவதைப் பெருக்கிக்குச் சொல்ல, அனுப்பும்போது கிரவுண்டுக்கு இழுக்கிற ஒரு பிடிடி வயரைப் பின்தகட்டில் ஓர் ஆர்சிஏ சொக்கெட்டுக்குக் கொண்டுவருவது. நடுவில் ஒரு 2என்7000 ட்ரான்சிஸ்டர் போட்டால் போதும். பெருக்கியின் ரிலே பத்து மில்லிசெக்கன் அளவில் தாமதித்துத்தான் மூடும் என்பதால், மென்பொருளில் அந்தத் தாமதத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். 5 வாட்டுக்குக் கட்டிய லோ பாஸ் ஃபில்ட்டரை நம்பிப் பெருக்கி வாங்க வேண்டாம். பெருக்கிக்குப் பின்னால் அதற்கென்று தனி ஃபில்ட்டர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஹார்மோனிக்கைப் புதிதாக உண்டாக்குவது பெருக்கிதான். 50 ஓமில் 5 வாட் என்றால் உச்ச வோல்ட் 22 அளவில், 100 வாட் என்றால் 100. அன்டெனா பொருந்தாமல் போனால் அதற்கும் மேலே. அங்கே சின்னக் கெப்பாசிட்டர்கள் தாங்காது.

எஃப்டி8 இன்னொரு வகையில் செட்டைச் சோதிக்கும். 15 செக்கன் சுற்றில் 12.6 செக்கன் முழுப் பவரில் அனுப்பிக்கொண்டே இருக்கும். பேசும்போது இடைவெளி கிடைக்கிறது, இதில் கிடைக்காது. கடைசிக் கட்டத்தில் ஐஆர்எஃப்510 ட்ரான்சிஸ்டர் போட்ட செட்டென்றால் கிட்டோடு தருகிற ஹீட்சிங்கைப் போல இரண்டு மடங்கு பெரியதை இப்போதே பூட்டுங்கள், பிறகு மாற்றுவதென்றால் முழுவதையும் கழற்ற வேண்டும். அதன் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது என்பதை மறந்து மைக்கா தகடு போடாமல் பூட்டினால் பவர் நேரே பெட்டிக்குப் போய்விடும். ஓடியோ போகவும் வரவும் இரண்டு 3.5 மில்லிமீற்றர் சொக்கெட்டுகளைப் பின்னால் வையுங்கள், வொலியூம் திருகிக்கு முன்னாலிருந்து எடுத்தால் அளவு மாறாமல் வரும்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதை அன்டெனாவில் போடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் நீட்டிய வயர்) மொத்தம் 20 மீற்றர், பக்கத்துக்கு 10. வன்னியில் அதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை, வளவில் இரண்டு பனை நின்றால் போதும். கயிற்றை மரத்தோடு இறுகக் கட்டிவிடாமல் ஒரு கப்பி போட்டு, மறுமுனையில் மணல் நிரப்பிய போத்தலைத் தொங்க விடுங்கள். காற்றில் பனை ஆடும்போது வயர் அறாது, நீங்கள் நீளத்தைத் திருத்தவோ புது அன்டெனா ஏற்றவோ நினைக்கும்போது மரமேற ஆள் தேடவும் வேண்டாம். இதுவும் அந்த வெறும் குழாய் மாதிரித்தான். கேபிளையும் ஒரு தண்ணிக் குழாய்க்குள் விட்டு, பக்கத்தில் ஒரு இழுகயிறு போட்டு வையுங்கள். எட்டு, பத்து மீற்றர் உயரத்தில் இருக்கிற 40 மீற்றர் டைபோல் மேல்நோக்கி வீசும், அயனமண்டலம் அதைத் திருப்பி நாடு முழுவதும் தெளிக்கும். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கோ காலிக்கோ பகலில் பேச 5 வாட் பெரும்பாலும் போதுமாக இருப்பது அதனால்தான். அதே டைபோல் மூன்று மடங்கு அதிர்வெண்ணிலும், அதாவது 15 மீற்றரிலும் வேலை செய்யும், ஒத்திசைவு மட்டும் சற்று மேலே போய் நிற்கும். ஆகவே நீங்கள் சேர்க்கிற இரண்டாவது பேண்ட் 15 மீற்றராக இருந்தால், உங்கள் லைசன்ஸில் அது இருந்தால், புதிய அன்டெனா வேண்டியதில்லை. இடிமழைக் காலத்தில் செட்டை விட்டு எழும்பும்போதெல்லாம் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். வளவைத் தாண்டி வேறு காணியில் தண்டு அடிக்கவோ கம்பம் நடவோ போனால், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் கேட்ட பிறகே மண்ணில் கை வையுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் வோல்ட், அம்பியர், டெசிபெல் எல்லாம் கணக்கு, யார் போட்டாலும் அதேதான் வரும். பெட்டி இரண்டு மடங்கு என்பதும் ஹீட்சிங் இரண்டு மடங்கு என்பதும் என் பழக்கம். சிறிய பெட்டியில் அருமையாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சொக்கெட் விஷயத்தில் எனக்கே முழு உறுதி இல்லை. எல்லா ஐசியையும் சொக்கெட்டில் வைத்தால் மாற்றுவது சுலபம், ஆனால் கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் உப்புக்காற்று அந்தத் தகடுகளை அரித்து, செட் வருவதும் போவதுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கிளிநொச்சியில் நான் வைத்தவை வருடக்கணக்கில் நிற்கின்றன. நீங்கள் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். 30 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே நான் எதுவும் கட்டியதில்லை, அந்தப் பக்கத்துக்கு இந்த ஆலோசனையைக் கொண்டு போக வேண்டாம்.

பாகம் வாங்கி வைக்கவா என்ற உங்கள் முதல் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். ஒரு காலத்தில் நானும் வாங்கி வைத்தேன். பெருக்கிக்கென்று விலை கூடிய ஆர்எஃப் ட்ரான்சிஸ்டர் இரண்டை இணையத்தில் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து மாட்டிப் பார்த்தபோதுதான் போலி என்று தெரிந்தது. காசு திரும்பக் கேட்கும் காலமெல்லாம் முடிந்து போயிருந்தது. வாங்கிய வாரத்திலேயே சோதிக்க முடியாத பாகத்தை வாங்காதீர்கள். விதிவிலக்காக வாங்கி வைக்கக் கூடியவை டி50-2 வளையங்கள் (சுருள் சுற்றும் இரும்புத்தூள் வளையம்), எனாமல் வயர், என்பி0 (சூட்டில் மதிப்பு மாறாத) கெப்பாசிட்டர்கள். இவை பழுதாகாது, எந்தக் கிட்டுக்கும் உதவும். சொக்கெட், ரிலே, வயர் போன்றவற்றைக் கொழும்புக்குப் போகிறவர் யாரிடமாவது சொன்னால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுத்துத் தருவார். கட்டி முடித்த செட்டையோ அனுப்பும் பகுதியுள்ள கிட்டையோ வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால், காசு கட்டுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதியைக் கேளுங்கள். சுங்கத்தில் பொதி நின்ற பிறகு கடிதம் எழுதி அலைவது பெரிய பாடு. பவரைக் கூட்டுமுன்னும் உங்கள் வகுப்புக்கு எத்தனை வாட் வரை என்று லைசன்ஸிலேயே பாருங்கள். எங்கள் பகுதியில் வீட்டுக்கூரைக்கு மேல் ஒரு புது வயர் தெரிந்தால் யாராவது வந்து விசாரிக்கக்கூடும், லைசன்ஸின் பிரதி ஒன்றை மேசை லாச்சியில் எப்போதும் வைத்திருங்கள்.

கட்டத் தொடங்கும்போது ஒரு கொப்பி வாங்கி, செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியோடு எழுதுங்கள். எந்தத் துளை எதற்கு விட்டது, எந்த நிற வயர் எங்கே போகிறது, ஒவ்வொரு சோதனை முனையிலும் செட் நன்றாக ஓடியபோது எத்தனை வோல்ட் இருந்தது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பிறகு அதைச் சுருக்கி ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து மூடியைத் திறக்கும்போது, முதலில் கண்ணில் படுவது அந்தத் தாளாக இருக்க வேண்டும்.